சென்னைக்கும் திண்டிவனத்துக்கும் ஒரே வறுமைக்கோடு: கணக்கு எங்கே இடிக்கிறது?

மத்திய அரசு ஊழியர் ஒருவருக்குச் சென்னையில் போஸ்டிங் என்றால், 2024 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளத்தில் 30% வீட்டு வாடகைப்படி. அவரையே புதுச்சேரிக்கு மாற்றினால் 20%. விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ மாற்றினால் 10%. ஊருக்கு ஊர் வாடகை வேறு, அவ்வளவுதான் காரணம். சம்பளம் போடும்போது இந்த உண்மை அரசுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆனால், யார் ஏழை என்று கணக்கெடுக்கும்போது அது மறந்துபோகிறது. தமிழ்நாட்டின் நகர்ப்புறம் முழுக்க ஒரு எண், கிராமப்புறம் முழுக்க இன்னொரு எண். தி.நகரில் இருக்கும் குடும்பத்தையும் திண்டிவனத்தில் இருக்கும் குடும்பத்தையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறார்கள். கோவையை ஒட்டிய ஒரு கிராமத்துக்கும் கல்வராயன் மலைமேல் இருக்கும் கிராமத்துக்கும் அதே கதைதான்.

அந்த எண் என்ன?

டெண்டுல்கர் குழு முறைப்படி, 2011-12ஆம் ஆண்டுக்கான தமிழ்நாட்டின் வறுமைக்கோடு கிராமத்தில் ஒரு நபருக்கு மாதம் 880 ரூபாய். நகரத்தில் 937 ரூபாய். சாப்பாடு, துணிமணி, வாடகை, பஸ், மருந்து எல்லாம் இதற்குள் அடக்கம். நாளுக்குப் பிரித்தால் கிராமத்தில் 29 ரூபாய் சொச்சம், நகரத்தில் 31 ரூபாய் சொச்சம். 2011 செப்டம்பரில், நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய் செலவு செய்பவர் ஏழை இல்லை என்கிற கணக்கோடு திட்டக்குழு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். அந்தக் கோடுதான் இது.

இதில் கவனிக்க வேண்டியது, கிராமத்துக்கும் நகரத்துக்கும் வித்தியாசம் மாதம் வெறும் 57 ரூபாய். கிராமத்தில் சொந்தக் குடிசையில் இருப்பவரும், டவுனில் மாதாமாதம் வாடகை கட்டுபவரும் 57 ரூபாய் தூரத்தில் இருக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

விமர்சனம் அதிகமானதும், சி.ரங்கராஜன் தலைமையில் இன்னொரு குழு போட்டார்கள். 2014-ல் அந்தக் குழு அறிக்கை தந்தது. தமிழ்நாட்டுக்கு அது போட்ட கோடு கிராமத்தில் சுமார் 1,082 ரூபாய், நகரத்தில் சுமார் 1,380 ரூபாய். வித்தியாசம் 57-லிருந்து 298 ஆகிவிட்டது. விளைவைப் பாருங்கள். டெண்டுல்கர் கணக்கில் தமிழ்நாட்டில் ஏழைகள் 11.28%. ரங்கராஜன் கணக்கில் 22.4%. நகர்ப்புறத்தில் மட்டும் பார்த்தால் 6.54%, 20.3% ஆகிறது. அதே 2011-12, அதே மக்கள், அதே வருமானம். ஒரு குழு பென்சிலைக் கொஞ்சம் மேலே நகர்த்தியதும் நகரத்து ஏழைகள் மூன்று மடங்கு ஆகிவிட்டார்கள்.

அந்த அறிக்கையையும் அரசு ஏற்றுக்கொண்டதாக அறிவிக்கவில்லை. 2011-12க்குப் பிறகு அதிகாரபூர்வமான புதிய வறுமைக்கோடு எதுவும் வரவே இல்லை. 2017-18ல் எடுத்த நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019-ல் நிறுத்திவைத்தார்கள். அடுத்த ஆய்வு 2022-23ல்தான் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். இதை வைத்து வங்கிகளும் பொருளாதார நிபுணர்களும் ஆளுக்கொரு வறுமைக் கணக்கு போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

‘சின்ன ஊர்னா செலவு கம்மிதானே?’

நியாயமான கேள்வி. திண்டிவனத்தில் வாடகை சென்னையைவிடக் குறைவு என்பதில் சந்தேகமில்லை. அப்படியென்றால் ஒரே கோடு போடுவது சென்னை ஏழைக்குத்தானே அநியாயம்? ஆமாம், ஒரு பாதி உண்மை அதுதான். வாடகை அதிகமான ஊரில் இருக்கும் ஏழை இந்தக் கணக்கில் காணாமல் போகிறார்.

மறுபாதி கொஞ்சம் சிக்கலானது. சின்ன ஊரில் மலிவாக இருப்பவை வாடகை, காய்கறி மாதிரியான விஷயங்கள். விலை கூடுதலாக இருப்பது தூரம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் முண்டியம்பாக்கம், அதையும் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர். சிகிச்சைக்குக் காசு வாங்காவிட்டாலும் பஸ் டிக்கெட், வெளியே சாப்பாடு, கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலி இதெல்லாம் யார் கணக்கு? பெண்களுக்கு இலவசப் பயணம் என்பது சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில்தான். ஊர்விட்டு ஊர் போகும் மப்சல் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மலையில் டவுன் பஸ்ஸே கிடையாது என்பது புரிந்ததால்தான், 2024-25 தமிழ்நாடு பட்ஜெட்டில் ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் இந்தத் திட்டத்தை நீட்டிப்பதாக அறிவித்தார்கள். இடத்துக்கு இடம் தேவை மாறும் என்பது திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிகிறது. வறுமையை அளக்கிறவர்களின் கணக்கில்தான் அது வருவதில்லை.

கனடா என்ன செய்கிறது?

நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் நாடுதான். 2018-ல் கனடா தன் அதிகாரபூர்வ வறுமைக்கோடாக ஒரு ‘சந்தைக் கூடை’ முறையை எடுத்துக்கொண்டது. இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பம் ஓரளவு கௌரவமாக வாழ உணவு, உடை, வீடு, போக்குவரத்து, மற்ற அத்தியாவசியங்கள் என்ன வேண்டும் என்று முதலில் ஒரு பட்டியல் போடுகிறார்கள். பிறகு அந்தக் கூடைக்கு ஊர்வாரியாக விலை போடுகிறார்கள். 50க்கும் மேற்பட்ட பகுதிகளுக்குத் தனித்தனி வறுமைக்கோடு. பெரிய நகரங்களுக்குப் பெயர் சொல்லியே ஒரு கோடு, மற்ற ஊர்களுக்கு மாகாணத்தையும் மக்கள்தொகையையும் பொறுத்து. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திண்டிவனம் நகரில் 72,796 பேர், விழுப்புரம் நகரில் 96,253 பேர். கனடாவில் இருந்திருந்தால் இரண்டும் ‘30,000 முதல் 99,999 வரை’ என்ற வகுப்பில் வந்து, பெருநகரத்தோடு ஒட்டாத ஒரு கோடு கிடைத்திருக்கும்.

இன்னும் சுவாரஸ்யம் வடக்கே இருக்கிறது. யூகான், வடமேற்குப் பிரதேசங்கள், நுனாவுட் மூன்றும் துருவத்தை ஒட்டிய பனிப்பிரதேசங்கள். நுனாவுட்டில் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சாலையே கிடையாது. அரிசியோ பால்பவுடரோ, எல்லாம் விமானத்தில் வர வேண்டும், இல்லை கோடையில் பனி உருகியதும் கப்பலில் வர வேண்டும். தெற்கு மாகாணங்களின் கூடையை அப்படியே அங்கே கொண்டுபோனால் அர்த்தமே இல்லை என்று முடிவுசெய்து, இந்த மூன்று பிரதேசங்களுக்காக வடக்குக் கூடை என்ற ஒன்றைத் தனியாக உருவாக்கினார்கள். அங்கே விலைப்பட்டியல் மட்டும் மாறவில்லை, கூடைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதையே மறுபடி யோசித்தார்கள். குளிருக்கான உடுப்பு, வீட்டைச் சூடாக வைக்க ஆகும் செலவு எல்லாம் அங்கே உயிர்ப் பிரச்சினை.

நமக்குப் பனி இல்லை. ஆனால் கல்வராயன் மலையில் ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும், மரக்காணம் உப்பளத் தொழிலாளி குடும்பத்துக்கு மழைக்காலத்தில் என்ன வேண்டும் என்று யாராவது தனிக்கூடை போட்டுப் பார்த்திருக்கிறார்களா? வறுமைக்கோட்டில் அப்படி ஒன்று இல்லை.

விழுப்புரத்தில் 1916-லேயே கேட்ட கேள்வி

இத்தனைக்கும் ஊர் ஊராகப் போய் வாழ்க்கைச் செலவைக் கேட்கும் பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள், கடன் எவ்வளவு என்று விசாரித்து வரச் சொன்னார். அந்த ஊர்களில் ஒன்று அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பிறகு, 2024 டிசம்பரில் நிவாரணம் கேட்டு சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் மறியல் நடந்ததே, அந்த ஊர்தான்.

1916-ன் படியாள்களுக்குக் கூலி தானியமாக வந்தது. 1936-37, 1980களின் தொடக்கம், 2008 என்று ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். கடைசியாகப் போனபோது, ஊருக்கு வெளியே வேலை, விவசாயம் அல்லாத வேலை என்று பிழைப்பே மாறியிருந்தது. பிழைப்பு மாறினால் கூடையும் மாறும். தானியக் கூலி வாங்கியவருக்கு பஸ் செலவு கிடையாது. தினமும் வெளியூர் வேலைக்குப் போகிறவருக்கு அது அரிசி மாதிரி அத்தியாவசியம்.

2.2% பேர்தானா?

சமீப காலத்தில் அடிக்கடி கேட்கும் எண் இது. நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, 2019-21ல் தமிழ்நாட்டில் 2.2% பேர்தான் ஏழைகள். இந்தக் குறியீடு ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிவாயு, வங்கிக் கணக்கு என்று 12 விஷயங்களைப் பார்க்கிறது. பயனுள்ள கணக்குதான், தமிழ்நாடு நன்றாகச் செய்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இதில் விலை என்ற ஒன்றே கிடையாது. வீட்டில் முக்கியமாக எந்த எரிபொருளில் சமைக்கிறார்கள் என்று பார்க்கும், அடுத்த சிலிண்டர் வாங்கக் காசு இருக்கிறதா என்று பார்க்காது.

இதே 2.2% என்ற எண்ணைச் சொல்லித்தான், மிகவும் ஏழையான 5 லட்சம் குடும்பங்களைக் கண்டறிந்து கைதூக்கிவிடும் ‘தாயுமானவர்’ திட்டத்தை 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அளவுகோல் எது என்பது வெறும் அகாடமிக் சண்டை இல்லை. பட்டியலில் யார் பெயர் வரும், யார் பெயர் விடுபடும் என்பதை அது தீர்மானிக்கிறது. ரேஷன் அரிசி இங்கே எல்லா அரிசி கார்டுக்கும் கிடைப்பதால், வறுமைக்கோடு தப்பாக இருந்தாலும் தட்டில் சோறு விழுகிறது. மற்ற திட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2025-26ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்குத் தினக்கூலி 336 ரூபாய். முழுசாக 100 நாளும் வேலை கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 33,600, மாதத்துக்கு 2,800. மகளிர் உரிமைத்தொகை 1,000 சேர்த்தால் 3,800. நாலு பேர் குடும்பத்தில் தலைக்கு 950 ரூபாய். இந்த இரண்டை மட்டுமே நம்பி இருக்கும் ஒரு கிராமத்துக் குடும்பம், 2011-12ன் 880 ரூபாய் கோட்டை 70 ரூபாய் வித்தியாசத்தில் தாண்டிவிடுகிறது. அதுவும் பதினாலு வருஷ விலைவாசி உயர்வைக் கண்டுகொள்ளாமல் இருந்தால்!

2025 ஜனவரி முதல் தேசிய மாதிரி ஆய்வுகளில் மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்து மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நுகர்வுச் செலவு ஆய்வும் இதே வழியில் வந்தால், விழுப்புரம் மாவட்டத்துக்காரர் மாதம் எவ்வளவு செலவு செய்கிறார் என்ற கணக்கு தனியாகக் கிடைக்கலாம். அந்தச் செலவில் திண்டிவனத்தில் என்ன வாங்க முடியும் என்று விலை விசாரிக்கும் வேலையை இன்னும் யாரும் கையில் எடுக்கவில்லை.