முதல் இரண்டு சீட்டு

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டுதான். மேசை நடுவில் பிறகு திறக்கும் ஐந்தும் எல்லோருக்கும் பொது. அந்த இரண்டைப் பார்த்ததும் ஆடுவதா, கவிழ்ப்பதா என்று எடுக்கும் முடிவைத்தான் இந்த ஆட்டத்திலேயே கனமானது என்பேன். அங்கே பிசகினால் பின்னால் காட்டும் சாமர்த்தியம் பெரிதாக உதவாது.

52 சீட்டிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். உச்சம் ஏஸ் ஜோடி. 221 கைக்கு ஒரு முறைதான் வரும். ஏதோ ஒரு கையோடு நிற்கும் ஒற்றை எதிராளியை அது 100க்கு 85 முறை ஜெயிக்கும். எட்டுப் பேர் கடைசிவரை நின்றாலோ 35 முறைதான். நல்ல சீட்டு கிடைத்தவர் தொடக்கத்திலேயே பந்தயத்தை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பது இதனால்தான்.

உச்சக் கைகளை ஆடுவதில் குழப்பமில்லை. சிக்கல் நடுத்தரக் கைகளில்தான். வெவ்வேறு இனத்தில் ஏஸும் ஜாக்கியும் வந்திருக்கிறது என்று வையுங்கள். இதை நசுக்கக்கூடியவை எவை? ஏஸ்-ராஜா 12 விதம், ஏஸ்-ராணி 12, ராஜா ஜோடி 6, ராணி ஜோடி 6. ஒரு ஏஸும் ஒரு ஜாக்கியும் உங்களிடமே இருப்பதால் ஏஸ் ஜோடியும் ஜாக்கி ஜோடியும் மும்மூன்று விதம்தான். ஆக, மீதியுள்ள 1,225 விதங்களில் 42. சின்ன எண்தான். ஆனால் ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுகிறவருக்குப் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது அப்படியொரு கை இருக்க ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு. மற்றவர்கள் கவிழ்த்துவிட்டு, பட்டனில் (சீட்டுப் போடுபவரின் இடத்தில்) இருக்கும் உங்களுக்குப் பின்னால் இரண்டே பேர் என்றால், அது பதினைந்தில் ஒன்றாகிவிடும். சீட்டு அதேதான், உட்கார்ந்த இடம் அதன் மதிப்பையே மாற்றிவிடுகிறது. பட்டனில் இருப்பவர் அடுத்த சுற்றுகளில் கடைசியாகப் பேசுவார். மற்றவர்கள் செய்ததைப் பார்த்தே முடிவெடுப்பார்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது ஒரே இனச் சீட்டு. அந்த இனத்திலேயே ஐந்து சேர்ந்துவிடும் என்று நம்பிவிடுவார்கள். முதலில் திறக்கும் மூன்றும் உங்கள் இனமாகவே விழுவது நூற்றில் ஒரு முறைகூட இல்லை. ராஜாவும் மூன்றும் ஒரே இனமாக வந்தாலும் முன் இடத்தில் கவிழ்க்க வேண்டிய கைதான்.

போக்கர் ஆட்டக்காரர் டாயில் பிரன்சன் 1976லும் 1977லும் 10-2 என்ற கையை வைத்தே உலகப் பட்டம் வென்றார். அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுகிறவர் பத்தில் எட்டுக் கைகளையாவது கவிழ்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் அங்கே பணம் வைத்து உட்காராமல் இருப்பதே நல்லது.