கட்டிப்போடும் சொல்

‘முழங்காலில் லிகமென்ட் கிழிந்ததால் வீரர் ஆடமாட்டார்’ என்று விளையாட்டுச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். எலும்போடு எலும்பைச் சேர்த்துக் கட்டியிருக்கும் உறுதியான நார்தான் லிகமென்ட். முழங்காலில் முக்கியமானவை 4. அவை மட்டும் இல்லையென்றால், ஓடும்போது தொடை எலும்பு ஒருபக்கம், கால் எலும்பு ஒருபக்கம் என்று நழுவிவிடும்.

இந்தப் பெயர் ‘லிகாரே’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ‘கட்டுதல்’ என்று பொருள். அதே சொல் பிரெஞ்சு மொழியில் ‘லியே’ என்று தேய்ந்தது. அதன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் ‘லையபிலிட்டி’ என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். சட்டப்படி ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டிய பொறுப்பு அது.

பழைய ரோமில் நிஜமாகவே கட்டினார்கள்! கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டப்படி, கடனைத் திருப்பித் தராதவரை 60 நாள் விலங்கிட்டு வைக்கலாம். எவ்வளவு கொடுமை! நல்லவேளை, பிற்காலத்தில் விலங்கு போனது. சட்டத்தின் கட்டு மட்டும் நின்றது.

அந்தக் கட்டு யாரையெல்லாம் பிணைக்கும்? இதற்கு விடை தந்தது ஒரு நத்தை.

1928 ஆகஸ்ட். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். மே டோனஹியூ என்ற பெண்ணுக்கு உடன் வந்தவர் ‘ஜிஞ்சர் பீர்’ என்ற இஞ்சி பானம் வாங்கிக் கொடுத்தார். பாட்டில், உள்ளே இருப்பது தெரியாத நிறக் கண்ணாடி. கொஞ்சம் குடித்துவிட்டு மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை வந்து விழுந்தது, அதனால் உடம்புக்கு முடியாமல் போனது என்று டோனஹியூ வழக்குப் போட்டார்.

சிக்கல் இதுதான்: காசு கொடுத்தவர் அவரல்ல. பானம் தயாரித்த டேவிட் ஸ்டீவன்சனோ அவரைப் பார்த்ததுகூட இல்லை. பிறகு எப்படிப் பொறுப்பாவார்?

1932-இல் லண்டனில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 5 நீதிபதிகளில் 3 பேர் டோனஹியூ பக்கம். நம் செயலால் யாருக்குத் தீங்கு வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியுமோ, அவர்கள் எல்லாருமே நமக்கு அண்டை அயலார்தான் என்றார் நீதிபதி அட்கின் பிரபு. மூடிய பாட்டிலுக்குள் குடிப்பவர் எட்டிப் பார்க்க முடியாதே! தயாரித்தவர்தானே கவனமாக இருக்கவேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது.

ஒரு வேடிக்கை: பாட்டிலில் நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பது கடைசிவரை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவே இல்லை. அதற்குள் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. ஆனாலும் தீர்ப்பின் கருத்து பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழுதான பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரும் விற்றவரும் எப்போது பொறுப்பாவார்கள் என்று சொல்வதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது.