திறந்த வாசலும் தயங்கும் கால்களும்



காடும் மலையும் நீரும் எல்லாருக்கும் பொது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்திலுள்ள செனந்தோவா தேசியப் பூங்காவில், கறுப்பின மக்கள் தங்குவதற்கென்று 1939-இல் லூயிஸ் மலையில் தனி இடம் ஒதுக்கினார்கள். அந்தப் பிரிவினை முழுமையாக நீங்கியது 1950-இல்தான்.

நீச்சல் குளங்களின் கதை இன்னும் கொடியது. 1964 ஜூன் மாதம், புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில், இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து விடுதிக் குளமொன்றில் இறங்கினர். மேலாளர் அந்தத் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார்! அடுத்த மாதமே குடிசார் உரிமைகள் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் நீச்சல் கற்றுத் தருமா? நீந்தத் தெரியாத தாய் தன் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விட அஞ்சத்தானே செய்வாள்? இதை அறியாமல், 'அவர்களுக்கு இயற்கையில் நாட்டமில்லை' என்று பேசுவது அநியாயம்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ரூ மேப் என்ற பெண்மணி 2009-இல் 'அவுட்டோர் ஆஃப்ரோ' என்னும் முயற்சியைத் தொடங்கினார். அழைப்பிதழ் ஒட்டிவிட்டுக் காத்திராமல், கறுப்பின மக்களிடையே இருந்தே தன்னார்வலர்களுக்கு இவ்வமைப்பு பயிற்சி அளிக்கிறது. அவர்கள் தம் ஊராரை மலையேறவும் பறவைகள் பார்க்கவும் கூடவே அழைத்துச் செல்கிறார்கள். நீச்சல் கற்க உதவித்தொகையும் தருகிறார்கள்.