உடைக்கலாமா? ஒட்டலாமா? சமையல் மேடைக்கு புது டைல்ஸ் போடுவோர் உஷார்! சம்மட்டியை தூக்கும் முன் தட்டிப் பாருங்கள்!

கோவை, -

கோவை மாநகரில் வீட்டுக்கு வீடு இப்போது ஒரே பேச்சு, சமையல் அறையை புதுப்பிப்பதுதான்.

30 வருஷத்துக்கு முன்பு கட்டிய வீடு. சுவருக்கு புது பெயிண்டு அடித்தாகி விட்டது. தரையும் மாறி விட்டது. சமையல் மேடை மட்டும் எண்ணெய் பிசுக்கு ஏறி, கறுத்து, ஓரம் உடைந்து கிடக்கிறது. வீட்டுக்கார அம்மா மேஸ்திரியை கூப்பிட்டு கேட்கிறார்:-

"ஏனுங்க மேஸ்திரி, இதை உடைக்காம மேலயே டைல்ஸ் ஒட்டிப்போட முடியாதுங்களா?"

பத்துக்கு எட்டு வீட்டில் மேஸ்திரி சொல்லும் பதில் இதுவாகத்தான் இருக்கும்:-

"அதெல்லாம் நிக்காதுங்கம்மா. உடைச்சுப் போட்டு புதுசா கட்டிரலாமுங்க."

மறுநாள் காலையிலேயே சம்மட்டி சத்தம் கேட்க ஆரம்பித்து விடும். சமையல் அறை ஒரு வாரத்துக்கு மூடல். வீட்டில் உள்ளவர்களுக்கு ஓட்டல் சாப்பாடு!

ஆனால் உண்மை என்ன? பழைய மேடை உறுதியாக இருந்தால் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம். தாராளமாக நிற்கும். ஒட்டக் கூடாத மேடையும் உண்டு. எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க பெரிய என்ஜினீயர் வேண்டாம். ஒரு நாணயமும் ஒரு டார்ச் லைட்டும் போதும்.

மேடை வந்த கதை

கொங்கு நாட்டு பழைய வீடுகளில் சமையல் மேடையே கிடையாது. அடுப்படியில் தரையோடு விறகு அடுப்பு. பொடக்காளியில் ஆட்டாங்கல்லும் அம்மியும். குனிந்தும் உட்கார்ந்தும்தான் வேலை.

1955-ல் கோவையைச் சேர்ந்த பி.சபாபதி மின்சாரத்தில் ஓடும் மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் சமையல் கியாஸ் இணைப்பு முதன் முதலாக கொடுக்கப்பட்டது. கியாஸ் அடுப்பு கோவைக்கும் வந்து சேர்ந்தது. பெண்கள் நின்று கொண்டு சமைக்க ஆரம்பித்தார்கள். அதற்கு மேடை தேவைப்பட்டது.

செங்கல் சுவர் எழுப்பி, அதன் மேல் கம்பி கட்டிய கான்கிரீட் பலகை போட்டார்கள். அதற்கு மேல் பூச்சு. சில வீட்டில் சிவப்பு காவி. சில வீட்டில் மொசைக். பல வீட்டில் ஆந்திராவில் இருந்து வந்த கடப்பா கல். அப்புறம் கண்ணாடி போல மின்னும் சின்ன டைல்ஸ். இன்றைக்கு கிரானைட்டும், குஜராத் மாநிலம் மோர்பியில் இருந்து லாரி லாரியாக வரும் விட்ரிபைடு டைல்சும்.

கடப்பா கல்லுக்கு ஒரு சங்கடம் உண்டு. அது சுண்ணாம்பு வகை கல். புளிக்கரைசலும் எலுமிச்சம் சாறும் பட்ட இடம் எல்லாம் வெளுத்து சொர சொரப்பு ஆகி விடும். தேய்த்தாலும் போகாது. "மேடையை மாற்றணும்" என்று பெண்கள் சொல்ல அதுவும் ஒரு காரணம்.

உடைத்தால் எவ்வளவு?

சாதாரண வீட்டு மேடை 10 அடி நீளம், 2 அடி அகலம். கான்கிரீட் 3 அங்குல கனம். கணக்கு போட்டுப் பார்த்தால் 5 கன அடி கான்கிரீட். எடை சுமார் 340 கிலோ! சிமெண்ட் சாக்கில் 30 கிலோ வீதம் அள்ளினால் 11 மூட்டைக்கு மேல் வரும். மேலே உள்ள கல்லும், கீழே உள்ள செங்கல் சுவரும் இந்த கணக்கில் சேரவில்லை.

அதோடு போகாது. கான்கிரீட் பலகையின் ஒரு ஓரம் சுவருக்குள் புதைந்து இருக்கும். அதை பிடுங்கும்போது சுவர் பூச்சு கொட்டும். சுவரில் ஓடும் தண்ணீர் குழாய், மின்சார குழாய் எல்லாம் அடி வாங்கும். மேடை வேலை என்று ஆரம்பித்தது பிளம்பர் வேலை, எலக்ட்ரீஷியன் வேலை, பெயிண்டு வேலை என்று வால் நீண்டு கொண்டே போகும்.

உடைக்காமல் மேலேயே ஒட்டினால்? 20 சதுர அடி டைல்சும், ஒட்டும் பசையும் சேர்ந்து சுமார் 50 கிலோ. அதாவது ஒரு சிமெண்ட் மூட்டை எடை. நல்ல கான்கிரீட் மேடைக்கு அது ஒரு பாரமே அல்ல. மேடை உயரம் அரை அங்குலம் கூடும். அவ்வளவுதான்.

டொக்... டொக்...

சரி, எந்த மேடை தாங்கும்? சோதனை இதோ:-

முதலில் ஒரு நாணயத்தை எடுத்து மேடையை அங்குலம் அங்குலமாக தட்ட வேண்டும். "டக், டக்" என்று கெட்டியான சத்தம் வந்தால் கவலை இல்லை. "டொக், டொக்" என்று பானையை தட்டுவது போல கேட்டால் அடியில் பிடிப்பு விட்டுப் போய் விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் பெயர்த்து சரி செய்ய வேண்டும். பாதி மேடைக்கு மேல் "டொக்" கேட்டால் பழைய கல்லை முழுவதும் எடுத்து விடுவதே நல்லது. கீழே உள்ள கான்கிரீட்டை தொட வேண்டியது இல்லை.

அடுத்து, மேடைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கான்கிரீட் உப்பி, கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறதா? சிங்குக்கு பக்கத்தில் ஈரம் கசிகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் மேலே டைல்ஸ் ஒட்டுவது, புண்ணுக்கு மேல் புது வேட்டி கட்டுவது மாதிரிதான். கசிவை முதலில் நிறுத்த வேண்டும். கம்பி கெட்டுப் போன பலகையை உடைத்தே ஆக வேண்டும். அங்கே மேஸ்திரி சொல்வதுதான் சரி.

மூன்றாவது, ஓரத்தில் நின்று கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். தனிக் கல்லாக வைத்த கடப்பா சில வீடுகளில் ஆடும். ஆடும் கல் மேல் டைல்ஸ் ஒட்டினால் இணைப்பு வெடிப்பது நிச்சயம்.

நான்காவது, ரசமட்டம். நடுவில் பள்ளம் இருந்தால் முதலில் அதை நிரவ வேண்டும்.

"வடை தட்டும்" வேலை

மேலே ஒட்டிய டைல்ஸ் ஆறே மாதத்தில் கழன்று வந்த வீடுகளும் உண்டு. "நிக்காதுங்க" என்று மேஸ்திரிகள் சொல்வது அதனால்தான். ஆனால் குற்றவாளி பழைய மேடை அல்ல. வெறும் சிமெண்ட்!

சுவருக்கு ஒட்டும் சாதாரண டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். அதனால் சிமெண்ட் பால் உள்ளே இறங்கி பிடித்துக் கொள்ளும். விட்ரிபைடு டைல்ஸ் அப்படி அல்ல. அது உறிஞ்சுவது அரை சதவீதம் கூட இல்லை. கீழே இருக்கும் பழைய டைல்சோ வழுவழு கண்ணாடி. மேலேயும் பிடிப்பு இல்லை, கீழேயும் பிடிப்பு இல்லை. சிமெண்ட் எதை பிடித்துக் கொண்டு நிற்கும்?

இதற்கு என்றே டைல்ஸ் ஒட்டும் பசை மாவு கடையில் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றி குழைக்க வேண்டியதுதான். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்திய தர எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "பழைய டைல்ஸ் மேல ஒட்டுற ரகம் கொடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஒட்டும் முன் மேடையை வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் இரண்டு மூன்று தடவை தேய்த்து கழுவ வேண்டும். பல வருஷத்து தாளிப்பு எண்ணெய் மேல் எந்த பசையும் பிடிக்காது. மேடை காய்ந்த பிறகு மேல்பளபளப்பை லேசாக தண்ணீர் விட்டு சுரண்டி விட வேண்டும்.

பசையை சீப்பு போல பல் உள்ள கரணையால் மேடை முழுவதும் இழுக்க வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை என்று வடை தட்டுவது போல வைத்து டைல்சை அழுத்தினால் கதை கந்தல். நடுவில் வெற்றிடம் நிற்கும். அதன் மேல் ஒரு நாள் குக்கரை "ணங்" என்று வைத்தால் டைல்ஸ் விரிந்து விடும்.

டைல்சுக்கும் டைல்சுக்கும் இடையில் 2 மில்லி மீட்டராவது இடைவெளி வேண்டும். அதை வெள்ளை சிமெண்ட்டால் அடைத்தால் மஞ்சள் கறை ஒரு வாரத்தில் ஏறி விடும். புளியும் அதை அரிக்கும். எபாக்சி கலவையால் அடைத்தால் இந்த தொல்லை குறைவு. சிங்கு சேரும் இடத்திலும், சுவர் சேரும் இடத்திலும் சிலிக்கான் பசை போட வேண்டும்.

ஒட்டிய பிறகு மூட்டையில் போட்டு இருக்கும் நேரம் வரை மேடையை தொடக் கூடாது. முக்கியமாக கிரைண்டரை தூக்கி வைக்கக் கூடாது. கோவை வீடு என்றால் கிரைண்டர் இல்லாமலா? அது கல்லோடு சுற்றும்போது மேடையே அதிரும். பசை இறுகும் முன் அந்த அதிர்ச்சி பட்டால் உழைப்பு எல்லாம் வீண்.

உயிரை குடிக்கும் வெள்ளை தூசி

இதுவரை சொன்னது வீட்டுக்காரர் பணம். இனி சொல்வது தொழிலாளி உயிர்.

கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் எதை மெஷினில் உலர்வாக அறுத்தாலும் மாவு போல வெள்ளை தூசி பறக்கும். அதில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்கு தெரியாத அந்த நுண்தூள் நுரையீரலுக்குள் போய் தங்கி விடும். வருஷக்கணக்கில் சேர்ந்து நுரையீரல் தழும்பு ஏறி இறுகும். மூச்சு வாங்கும். இந்த நோய்க்கு பெயர் சிலிக்கோசிஸ். வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. காச நோயும் சுலபமாக தொற்றிக் கொள்ளும்.

சமையல் மேடை கல்லுக்காகவே ஒரு நாடு தடை போட்டு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? ஆஸ்திரேலியாவில் 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் செயற்கை கல் மேடைகளுக்கு தடை. செய்யக் கூடாது, விற்கக் கூடாது, பொருத்தவும் கூடாது. குவார்ட்ஸ் தூளை பிசினில் குழைத்து செய்யும் அந்த கல்லில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருக்கும். அதை அறுத்த இளம் தொழிலாளர்கள் நுரையீரல் கெட்டு படுக்கையில் விழுந்தார்கள். அதனால்தான் இந்த முடிவு.

தடை அங்கே. தூசி எங்கேயும் ஒன்றுதான். சட்டத்தில் சிலிக்கோசிஸ் தொழில் நோய் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வீடு வீடாக போய் டைல்ஸ் அறுக்கும் உள்ளூர் ஆளுக்கும், பிழைப்பு தேடி வந்த வட மாநில வாலிபருக்கும் தொழிற்சாலை ஏது? முகத்தில் கட்டிய ஒரு துண்டுதான் அவருக்கு பாதுகாப்பு. அந்த துண்டு இந்த நுண்தூளை தடுக்காது.

தடுக்க வழி இருக்கிறது. செலவும் அதிகம் இல்லை. நேராக வெட்ட கைப்பிடி கட்டர் உண்டு. கோடு போட்டு ஒடிக்கும். தூசியே வராது. மெஷினில்தான் அறுக்க வேண்டும் என்றால் தண்ணீர் விட்டு, வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் அறுக்க வேண்டும். என்-95 ரக முகமூடி கட்ட வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் எர்த் உள்ள மூன்று முள் பிளக்கும், கசிவு மின்சாரத்தை துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம்.

வேலை தொடங்கும் முன் கியாஸ் ரெகுலேட்டரை கழற்றி, சிலிண்டரை சமையல் அறையை விட்டே வெளியே வைத்து விட வேண்டும். அறுக்கும் மெஷினின் மோட்டாரில் பொறி பறக்கும்.

கட்டுமான தொழிலாளர்களுக்கு தமிழ்நாட்டில் 1994-ல் இருந்து நல வாரியம் இருக்கிறது. வேலைக்கு வருபவர் அதில் பதிவு செய்து இருக்கிறாரா என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டால் புண்ணியம்.

குளத்துக்கு போகும் மூட்டை

உடைத்த 11 மூட்டையும் எங்கே போகிறது? யாரும் கேட்பது இல்லை. "நாங்க பாத்துக்கறமுங்க" என்று வண்டிக்காரர் ஏற்றிக் கொண்டு போவார். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு குளக்கரையிலோ, நொய்யல் வாய்க்கால் ஓரத்திலோ கவிழ்ந்து விடும்.

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் நொய்யல் தண்ணீரை நம்பி இருப்பவை. வாய்க்காலில் கான்கிரீட் விழுந்தால் மழை தண்ணீர் குளத்துக்கு போகாது. தெருவுக்குத்தான் வரும்.

கட்டிட இடிபாடுகளுக்கு என்றே மத்திய அரசு 2016-ல் தனி விதிகள் கொண்டு வந்தது. இடிபாட்டுக்கு பொறுப்பு அதை உண்டாக்கியவர் என்று அதில் சொல்லப்பட்டது. சாக்கடையிலோ, போக்குவரத்துக்கு இடைஞ்சலாகவோ கொட்டக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. ஆகவே வண்டியில் ஏற்றி விட்டால் கை கழுவியாச்சு என்று நினைப்பது தப்பு. எங்கே கொட்டலாம் என்று மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டு விட்டு அனுப்ப வேண்டும்.

மேஸ்திரியிடம் 5 கேள்வி

மேடை வேலைக்கு முன்பணம் கொடுக்கும் முன் இந்த 5 கேள்வியை கேளுங்கள்:-

1. மேடையை தட்டிப் பார்த்தீங்களா? அடியில பார்த்தீங்களா?

2. ஒட்டுறது சிமெண்ட்லயா, பசையிலயா?

3. பசையை முழுசா இழுப்பீங்களா, உருண்டை வைப்பீங்களா?

4. தண்ணி விட்டுத்தான் அறுப்பீங்களா? ஆளுக்கு முகமூடி இருக்குதுங்களா?

5. உடைச்ச கல்லு எங்க போகுது?

ஐந்துக்கும் தயங்காமல் பதில் சொல்கிற மேஸ்திரி கையில் வேலையை ஒப்படைக்கலாம். நாலாவது கேள்விக்கு "அதெல்லாம் பழக்கம்தானுங்க" என்று சிரித்தால், முகமூடியை நீங்களே வாங்கிக் கொடுத்து விட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.