கடலை குடலை ஆனது

நம் வியாபாரிகள் பலர் விலைப்பட்டியலை இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருக்கின்றன. சின்ன 'எப்' தட்டினால் 'க', பெரிய 'எப்' தட்டினால் 'கு'. வரியின் முதலெழுத்தை வேர்ட் தானாகவே பெரிதாக்கிவிட்டால் கடலை 'குடலை' ஆகிவிடும். அப்படியொரு பட்டியலை நானே பார்த்திருக்கிறேன். யார் வாங்குவார்?

அதே பட்டியலைப் பிரதி செய்து மின்னஞ்சலில் ஒட்டினால் சரக்கின் பெயரெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகும். இலக்கங்கள் மட்டும் ஒழுங்காக நிற்கும். 450 ரூபா எதற்கு என்று தேடிக் களைத்தவர் அடுத்த கடைக்குப் போவார்.

யுனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. பாமினியை அதற்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம். மாற்றிய பிறகே ஒட்டுங்கள். பாமினியை விட மனமில்லாதவர்கள் வேர்டின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, பட்டியலைப் பிடிஎப் ஆக்கி அனுப்பலாம்.