எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் சினைப்பை நீர்க்கட்டியும்

பிசிஓஎஸ், பிசிஓடி என்றெல்லாம் சொல்லப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் ஹார்மோன் கோளாறு. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்திலும் தாடையிலும் முடி வளர்வது, விடாத முகப்பரு, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். கருமுட்டை ஒழுங்காக வெளிவராமை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பை நிறையச் சிறு பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் இது பிசிஓஎஸ் என 2003-இல் ராட்டர்டாமில் கூடிய மருத்துவர்கள் வரையறுத்தனர். தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2018 முதல் 2022 வரை நாட்டின் 10 மையங்களில், 18 முதல் 40 வயது வரையுள்ள 9,824 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் அதில் பங்கேற்றனர். 2024-இல் வெளிவந்த அதன் முடிவுப்படி, ராட்டர்டாம் அளவுகோலில் 19.6 சதவீதப் பெண்களுக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, இந்தக் கோளாறு இருக்கிறது.

இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கு உடல் எடை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளப் பெண்களில் 38.1 சதவீதத்தினரும் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் அதிக எடை கொண்டவர்கள். நாடு முழுவதற்குமான சராசரி 24 சதவீதம்தான். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்.ஏ.டி. மகப்பேறு மருத்துவமனைக்கும் நகரின் தனியார் மருத்துவமனைகளுக்கும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் பெண்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். ஆகவே இது இரு மாநிலக் குடும்பங்களுக்கும் பொதுவான கவலை. உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் எடை குறையாத பெண்களுக்கு, பேரியாட்ரிக் சர்ஜரி எனப்படும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. அது என்ன தரும், எதைத் தராது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இன்சுலினில் தொடங்கும் சிக்கல்

ஸ்கேனில் தெரியும் பைகள் வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். அவை நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இன்சுலின் ஒரு காரணம். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது, கணையம் மேலும் மேலும் அதைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்கிறது. இன்சுலின் கூடினால் அதுவும் குறைந்துவிடுகிறது. இப்படிக் கட்டற்றுத் திரியும் ஆண் ஹார்மோன்தான் கருமுட்டை முதிர்வதைத் தடுக்கிறது. முகத்தில் முடியையும் பருவையும் கொண்டுவருகிறது. உடலில் கொழுப்பு ஏற ஏற இந்தச் சுழற்சி தீவிரமடைகிறது.

எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குவது இதனால்தான். உணவு, உடற்பயிற்சி, மெட்ஃபார்மின், கருமுட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை ஆகியவையே எப்போதும் முதல் படி.

அறுவை சிகிச்சையில் நடப்பது

ஸ்லீவ், பைபாஸ் என இரண்டு முறைகள் பரவலாகச் செய்யப்படுகின்றன. இரண்டும் வயிற்றில் சிறு துளைகள் இட்டு, லேப்ராஸ்கோப்பி மூலம் நடப்பவை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாய்போல் ஆகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கப்படுகிறது. ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் மொத்த எடையில் கால் பங்கு அல்லது அதற்கும் சற்று அதிகமாகக் குறைவது வழக்கம்.

பலனுக்குக் காரணம் குறைவாகச் சாப்பிடுவது மட்டுமல்ல. குடலிலிருந்து சுரக்கும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன, பசி அடங்குகிறது. எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே, சில நாட்களில், இன்சுலின் அளவு இறங்கத் தொடங்குகிறது. சினைப்பையை அழுத்திக்கொண்டிருந்த சுழற்சி அங்கேயே தளர்கிறது.

ஆய்வுகள் சொல்லும் பலன்

லண்டனில் நடந்த பாம்பினி ஆய்வு இதற்கு இன்று வலுவான சான்று. பிசிஓஎஸ்ஸும் 35-க்கு மேல் பிஎம்ஐயும் (உயரத்துக்கேற்ற எடைக் குறியீட்டெண்) கொண்ட 80 பெண்கள் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு ஸ்லீவ் அறுவை சிகிச்சை. மற்றொன்றுக்கு மருந்தும் வாழ்க்கைமுறை மாற்றமும். 52 வாரங்களில் அறுவை சிகிச்சைக் குழுவில் கருமுட்டை வெளிவந்த தடவைகளின் நடுமதிப்பு 6. மற்ற குழுவில் 2. இந்த முடிவு 2024-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஆய்வு முதன்மையாக அளந்தது கருமுட்டை வெளிவருவதை, பிறந்த குழந்தைகளை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,130 பெண்களை உள்ளடக்கிய 13 ஆய்வுகளின் தொகுப்பு 2016-இல் வந்தது. அதில் ஒழுங்கற்ற மாதவிலக்கு 56.2 சதவீதத்திலிருந்து 7.7 சதவீதமாகக் குறைந்திருந்தது. தேவையற்ற முடி வளர்ச்சியோ 67 சதவீதத்திலிருந்து 38.6 சதவீதம் வரைதான் இறங்கியது. மாதவிலக்கு சில மாதங்களில் திரும்பலாம். ஏற்கெனவே தடித்து வளர்ந்த முடி அவ்வளவு எளிதில் மறையாது. அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் தலைமுடி கொட்டுவதும் உண்டு. போதிய புரதமும் சத்துகளும் கிடைத்தால் அது பெரும்பாலும் தானாகவே சரியாகும். மாதவிலக்கு சீராவதால் கருப்பையின் உட்படலம் அளவுக்கு மீறித் தடிப்பதும், அதனால் புற்றுநோய் வரும் ஆபத்தும் குறைகின்றன.

யாருக்குப் பொருந்தும்

2022-இல் எடைக் குறைப்பு அறுவை மருத்துவர் அமைப்புகள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். ஆசிய உடல்வாகில் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், நமக்கு அந்த எல்லை 27.5. 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 35 என்பது சுமார் 84 கிலோ; 27.5 என்பது சுமார் 66 கிலோ. எல்லையைத் தொட்ட எல்லோரும் அறுவை செய்துகொள்ள வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல.

ஒல்லியாக இருந்தும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சையில் வேலை இல்லை. வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். அறுவைக்குப் பின் கர்ப்பத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் கருமுட்டை இருப்பு குறைந்துகொண்டே போகும். கணவரின் விந்தணுப் பரிசோதனையும் கருக்குழாய்ப் பரிசோதனையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அங்கே அடைப்போ குறையோ இருந்தால் எடை குறைவது மட்டும் அதைத் தீர்க்காது.

உடனே கர்ப்பம் வேண்டாம்

அறுவைக்குப் பின் குறைந்தது 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். உடல் வேகமாக மெலியும் அந்தக் காலத்தில் தாய்க்கே சத்து பற்றாது. சிக்கல் என்னவென்றால், கருத்தரிக்கும் திறன் அதற்குள்ளாகவே திரும்பிவிடுகிறது. குழந்தையே உண்டாகாது என்று பல ஆண்டுகளாக நம்பியிருந்தவர்கள் இந்த நேரத்தில் எதிர்பாராமல் கருவுறுவது உண்டு. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால், காப்பர் டி போன்ற சாதனங்களே நம்பகமானவை.

இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் மாத்திரையாக எடுக்க வேண்டும். சோறும் கப்பை எனப்படும் மரவள்ளிக்கிழங்கும் தட்டை நிறைக்கும் கேரளச் சாப்பாட்டில் புரதத்துக்கு முதலிடம் தர வேண்டியிருக்கும். மத்தி, அயிலை, முட்டை, பயறு ஆகியவை எளிதில் கிடைக்கும் வழிகள். விடாத வாந்தி இருந்தால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம்; உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கர்ப்பம் உண்டான பிறகு

சுவீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2015-இல் வெளிவந்த ஆய்வு இரு பக்கத்தையும் காட்டுகிறது. அறுவை செய்துகொண்ட தாய்மார்களில் 1.9 சதவீதத்தினருக்கே கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது; அறுவைக்கு முன் அவர்களுக்கு இருந்த அதே எடையுடைய மற்ற தாய்மார்களில் அது 6.8 சதவீதம். ஆனால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 7.6 சதவீதத்திலிருந்து 15.6 சதவீதமாகக் கூடினர். அதனால் குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

பைபாஸ் செய்தவர்களுக்கு, குளுக்கோஸ் நீர் குடித்துச் செய்யும் சோதனை மயக்கத்தையும் படபடப்பையும் தரக்கூடும்; வீட்டிலேயே சில நாட்கள் சர்க்கரை அளவைப் பார்ப்பது நல்ல மாற்று. கர்ப்பத்தில் கடுமையான வயிற்றுவலி வந்தால், குடல் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுவை நடந்ததை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது உயிர் காக்கும் செயல்.

செலவும் காப்பீடும்

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுக்கான பொது விதி இரண்டு நிலைகளில்தான் எடைக் குறைப்பு அறுவைக்கு இடம் தருகிறது: பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35-உடன் இதய நோய், கடும் தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் போன்றவற்றில் ஒன்று. பிசிஓஎஸ் அந்தப் பட்டியலில் இல்லை. மலட்டுத்தன்மைக்கான சிகிச்சையும் வழக்கமான பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கிறது. 2023-இல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல், மாதவிலக்கையும் கருமுட்டை வெளிவருவதையும் மேம்படுத்த இந்த அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. மருத்துவம் ஏற்றுக்கொண்ட தேவையைக் காப்பீட்டு விதியும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை, பாலிசியின் விதிகளை முன்கூட்டியே படித்துப் பார்ப்பதும், மகப்பேறு மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், அறுவை மருத்துவர், உணவு ஆலோசகர் நால்வரிடமும் பேசிய பிறகே தேதி குறிப்பதும்தான் பாதுகாப்பான வழி.