அலமாரியில் யாருக்கு எந்த எண்?

நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒரு சின்னத் தாள் ஒட்டி, அதில் எண் எழுதியிருப்பார்கள். புத்தகம் எந்த அலமாரியில், எதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது. யார் ஊரில் இருக்க வேண்டும், யார் சேரியில் இருக்க வேண்டும் என்று சிலர் முடிவு செய்ததைப் போல, இதையும் யாரோ உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள்.

உலகில் மிகப் பரவலாக உள்ள எண்முறை, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்டது. அதன் 1932ஆம் ஆண்டுப் பதிப்பில் தன்பாலீர்ப்பு பற்றிய நூல்களுக்கு இடம் கிடைத்தது, மனக்கோளாறுகளுக்கு நடுவில். பின்னாளில் நோய்களின் பக்கமும் சமூகப் பிரச்சினைகளின் பக்கமும் வைத்தார்கள். தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள நூலகம் போன ஒரு பிள்ளைக்கு, புத்தகத்தைத் திறக்கும் முன்பே அலமாரி பதில் சொல்லிவிட்டது: உனக்கு நோய். இன்று அந்த நூல்கள் பாலுறவு, திருமணம், குடும்பம் பற்றிய நூல்களோடு 306ஆம் வரிசையில் இருக்கின்றன.

எண்ணைப் போலவே பொருள் தலைப்பும் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புப் பட்டியலைப் பல நாட்டு நூலகங்கள் பின்பற்றுகின்றன. சான்ஃபோர்ட் பெர்மன் என்ற நூலகர் ஆப்பிரிக்காவில், ஜாம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது அந்தப் பட்டியலில் 'காஃபிர்' என்ற தலைப்பு இருந்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் அது என்று உடன் வேலை பார்த்த தென்னாப்பிரிக்கர்கள் அவரிடம் சொன்னார்கள். அதிர்ந்துபோனவர் முழுப் பட்டியலையும் கிளறினார். தன்பாலீர்ப்பு என்ற தலைப்பின் கீழ் 'பாலியல் வக்கிரம் என்பதையும் பார்க்க' என்று குறிப்பு இருந்தது. 1971இல் இவற்றையெல்லாம் புத்தகமாகவே எழுதிவிட்டார். அமெரிக்க நூலகச் சங்கத்தில் 1970இல் உருவான தன்பாலீர்ப்பாளர் குழுவும் விடாமல் கேட்டது. 1972இல் அந்தக் குறிப்பு நீக்கப்பட்டது.

அதே பட்டியலில் நமக்கும் ஒரு தலைப்பு இருந்தது: தீண்டத்தகாதவர்கள். அம்பேத்கரும் 1948இல் அந்தச் சொல்லை நூலின் பெயராக வைத்தவர்தானே என்று சிலர் கேட்கலாம். அவர் அதை வைத்துக் கேள்வி கேட்டார். பட்டியல் எழுதியவர் அதை நமக்குப் பெயராக ஒட்டினார். இரண்டும் ஒன்றாகாது. இப்போது அங்கே 'தலித்துகள்' என்றே தலைப்பு இருக்கிறது.

ஒருவர் தலித்தாகவும் திருநராகவும் இருந்தால்? லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' தன்வரலாறு 2007இல் தமிழில் வந்தது. தலித் திருநங்கை என்று தன்னை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர் அவர். டூயி முறையில் தலித் மக்கள் பற்றிய நூல்கள் 305.5688இல் நிற்கும். திருநர் நூல்களுக்கு 306.768. ஒரே அறையில் சில அடி தூரம்தான். ஆனால் ஒரு புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். திருநர் வரிசையில் வைத்தால், சாதி பற்றிப் படிக்க வந்த மாணவி அதைப் பார்க்காமலே போய்விடுவார்.

இதற்கு வழி இருக்கிறது. எண் ஒன்றுதான் என்றாலும், பட்டியலில் ஒரு நூலுக்கு இரண்டு, மூன்று பொருள் தலைப்புகள் தாராளமாகக் கொடுக்கலாம். கூடுதல் செலவு எதுவும் இல்லை, இன்னொரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். சொல்லுக்கும் பஞ்சமில்லை. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, திருநர், பால்புதுமையர் போன்ற மரியாதையான சொற்களின் தொகுப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. மாணவர்கள் தங்கள் கல்லூரி நூலகக் கணினியில் இந்தச் சொற்களைத் தட்டிப் பார்க்கலாம். ஒன்றும் வரவில்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

காங்கிரஸ் நூலகப் பட்டியலில் தீண்டத்தகாதவர்கள் என்ற சொல் அடியோடு அழிக்கப்படவில்லை. இன்றும் அதைத் தேடி வருபவரை, 'தலித்துகள்' என்ற தலைப்புக்குப் போகச் சொல்லி அனுப்புகிறது.